அடகுச் சீட்டு 4418

கிதார் வெளியே வருவதற்காக
என் டிரம்கள் உள்ளே போயின.
ஒரு பகல் மட்டும், என்றார் டகன்,
ஐந்து மணிக்குக் கடை சாத்துவேன்.
பெரிய டிரம்மைத் தட்டிப் பார்த்தார்
தர்பூசணி வாங்குகிறவர் போல.

ஆர்ஸெல் டார்வர் இரவு முழுக்கக்
கசாப்புக்கூடத்துக் குளிரறையில் மாடு இழுத்துவிட்டு
அப்படியே வந்திருந்தான்.
காலணியில் உப்பு. சட்டைப்பையில் சீட்டு.
சிகாகோவின் தெற்குப் பக்கம், பிப்ரவரிச் சேறு.
அவன் கிதாரைச் சுமந்தான்.
வெறுங்கையோடு வேலைக்குப் போவது
எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஸ்டுடியோ என்று பெயர்.
மெத்தைக் கிடங்குக்கு மேலே ஓர் அறை,
விற்காத மெத்தைகளே சுவர்.
ஜபோர்ஸ்கி ஹெட்போனைக் கழற்றாமல் சொன்னான்:
ஹீட்டரும் உறுமுகிறது, ஆம்ப்பும் உறுமுகிறது,
ஏதாவது ஒன்றைத்தான் பதிய முடியும்.
ஹீட்டரை அணைத்தோம்.
வாயில் புகை வரப் பாடினான் ஆர்ஸெல்.

நான் கிதார்ப் பெட்டியை நாற்காலியில் படுக்கவைத்து
பிரஷ்ஷால் அடித்தேன்.
பூட்டில்லாத கொக்கி இரண்டாம் அடிக்கொரு முறை
கிணிங் என்றது.
தாளத்தில் விழுந்ததால் விட்டுவிட்டார்கள்.

முதல் பாட்டு நான்காம் தடவை தேறியது.
இரண்டாவதில் ரயில் வந்தது.
ஏழு நிமிடத்துக்கு ஒரு மேம்பால ரயில்;
ஜன்னலோரம் ஒருவன் நின்று
போயிடுச்சு, போயிடுச்சு, பாடு என்று கையசைத்தான்.
மூன்றாவது ஒஸெல்லாவைப் பற்றியது.
ஒரே தடவை.
முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முதலாளி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
நாலு விரல் காட்டினார்.
ஆர்ஸெலிடம் நாலாவது இல்லை.

மணி மூன்றரை.
விரல்களைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றினான்.
சட்டைப்பையைத் தடவினான், சிகரெட்டுக்கு என்று நினைத்தேன்.
சீட்டு வந்தது.
அதை முட்டிமேல் வைத்து
தடித்த கம்பியை ஒரு முறை வளைத்தான்,
ஆம்ப் தொண்டையைச் செருமியது.
பிறகு எழுதியிருந்ததை வாசித்தான்:

ஒரு கிதார், கழுத்தில் கீறல்,
ஒரு வயர், ஒரு பெட்டி, பூட்டு இல்லை,
முப்பதாம் நாள், ஓ, முப்பதாம் நாள்,
மீட்காவிட்டால் முழுகிப்போகும்.

முழுகிப்போகும், முழுகிப்போகும்.
ஒன்பது முறை.
எட்டாவதில் குரல் நின்றுவிட்டது,
ஒன்பதாவதைக் கிதார்தான் சொன்னது.
நான் அடித்துக்கொண்டிருப்பது
அந்தச் சீட்டின் மூன்றாவது பொருள் என்று
பாதியில்தான் உறைத்தது.
கை தடுமாறியது.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

முதலாளி ஓடிவந்து கை குலுக்கினார்.
வெள்ளத்தைப் பற்றி இப்படியொரு பாட்டு கேட்டதே இல்லை,
உங்கள் ஆற்றுப் பக்கம் நிறையப் பேர் செத்தார்களோ?
ஆர்ஸெல் என்னைப் பார்த்தான்.
கொஞ்சம் பேர், என்றான்.

பணம் வெள்ளிக்கிழமை.
ஓடினோம். ஐந்துக்கு நான்கு நிமிடம்.
கிதார் உள்ளே, டிரம் வெளியே.
வெள்ளிக்கிழமைப் பணம் வாடகைக்குச் சரியாக இருந்தது.

ஜூனில் தட்டு வந்தது.
லேபிளில் ஆர்ஸெல் கார்வர் என்று போட்டிருந்தது.
டகன் கடைக்கு எதிர் மதுக்கடையில்
ஜூக்பாக்ஸில் பதினேழாவது பொத்தான்.
காசைப் போட்டுவிட்டு ஆர்ஸெல்
தெருக்கதவை முதுகால் தள்ளிப் பிடித்து நின்றான்.
ஈ வருது, கதவைச் சாத்து, என்று கத்தினாள் க்ளோதில்டா.
இரு, என்றான், அதுக்குக் கேட்கட்டும்.

எதிரே கண்ணாடிக்குள், கழுத்துக் கீறல் தெரிய,
நாற்பத்திரண்டு டாலர் அட்டையோடு நின்றது அது.
டகன் தூசி தட்டிக்கொண்டிருந்தார்,
தோளை லேசாக ஆட்டியபடி,
கிணிங் வரும் இடத்திலெல்லாம் சரியாக.

என் கை தடுமாறும் இடம் வந்தது.
நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன்.